குப்பைமேட்டருகே கிணற்று நீர்: எங்கே எடுப்பது, எப்படி எடுப்பது, எண்ணை எப்படிப் படிப்பது

குப்பைக் கிடங்குக்குப் பக்கத்து ஊர்களில் தண்ணீரைப் பற்றி இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "டி.டி.எஸ். 1,400 காட்டுது, எல்லாம் குப்பைமேட்டுத் தண்ணிதான்" என்பது ஒன்று. "டி.டி.எஸ். 450தான், தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்பது இன்னொன்று. அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டையுமே சொல்ல முடியாது.

ஆர்.ஓ. விற்பவர் கையில் இருக்கும் பேனா மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள் இவ்வளவு என்று காட்டுகிறது. அதுதான் டி.டி.எஸ். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 2,000 வரை. அதே தரத்தில் ஈயத்துக்கு வரம்பு 0.01 மி.கி., அதாவது 500-இல் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஈயம் வரம்பைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரின் எண் அசையாது. கிருமியும் அதற்குத் தெரியாது. மறுபுறம், வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் டி.டி.எஸ். ஏறக் குப்பைதான் வேண்டும் என்பதில்லை. பாறை, தோல் பதனிடும் உப்பு, செப்டிக் டேங்க், உரம் எல்லாமே அதை ஏற்றும்.

ஒரு கிணற்றின் ஒரு நாள் எண் தனியாக எதையும் நிரூபிக்காது. நிலத்தடி ஓட்டத்தில் குப்பைக்கு மேல்புறம் இருக்கும் தண்ணீரோடு கீழ்புறத் தண்ணீரையும், போன கோடையோடு இந்தக் கோடையையும் ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் வரும். அந்த ஒப்பீடு நேர்மையாக அமைய என்னென்ன வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

குப்பையிலிருந்து இறங்கும் சாறு

காபி வடிகட்டியில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் கீழே டிகாஷன் இறங்குகிறது. குப்பைமேட்டில் பெய்யும் மழையும் அப்படித்தான் இறங்குகிறது. வழியில் உப்பு, அழுகிய பொருள், அம்மோனியா, உலோகம் என்று கரையக்கூடியதையெல்லாம் எடுத்துக்கொண்டு அடியில் வரும் கறுப்பு நீருக்குக் கசிவுநீர் என்று பெயர். பொறியாளர்கள் லீச்சேட் என்பார்கள். ஒரு ஹெக்டேர் மேட்டின்மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். ஒரு பகுதி வழிந்தோடும், ஒரு பகுதி ஆவியாகும். மீதி உள்ளே இறங்கும். மேலே மண் மூடாத மேட்டில் இறங்கும் பங்கு கூடுதல்.

புதுக் குப்பையின் கசிவுநீர் புளித்தது. அமிலத்தன்மை இருப்பதால் உலோகங்களை எளிதில் கரைக்கும். அழுகும் பொருளும் அதிகம். சில ஆண்டுகள் போனபின் அதே மேட்டின் கசிவுநீர் சற்றுக் காரத்தன்மைக்கு மாறும். அழுகும் பொருள் குறையும். ஆனால் அம்மோனியா லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில் பல காலம் நிற்கும். குப்பைமேடு பழசாகிவிட்டது, இனி ஆபத்தில்லை என்ற நம்பிக்கை தவறாவது இங்கேதான்.

புதிதாக அமைக்கும் கிடங்கில் இந்த நீர் கீழே போகாமல் தடுக்கத் தளம் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்ன தளம் இது: 90 செ.மீ. தடிமனுக்குக் களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள எச்.டி.பி.இ. எனும் கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு. களிமண்ணின் ஊடுருவும் திறன் வினாடிக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 3 செ.மீ. வருகிறது. பழைய மேடுகளுக்கு இந்தத் தளம் கிடையாது. வேலூரின் குப்பை கொட்டப்பட்ட சதுப்பேரி போல ஏரியை ஒட்டிய இடங்களில் வெறும் மண்ணின்மேல்தான் குவித்தார்கள். அங்கே கசிவைத் தடுக்க எதுவும் இல்லாததால், கண்காணிப்பு மட்டுமே முன்னறிவிப்பு.

அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

இது தெரியாமல் கிணறு தேர்ந்தெடுப்பது வீண்வேலை. நிலத்தின் சரிவைப் பார்த்து யூகிக்கலாம், ஆனால் அந்த யூகம் பல இடங்களில் பொய்க்கும். சரியான வழி, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளில் ஒரே நாளில் நீர்மட்டத்தை அளப்பது.

பலரும் தவறுவது ஒரு சின்ன இடத்தில். கிணற்று வாயிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அது போதாது. கிணற்று வாயின் உயரத்தை லெவல் கருவியால் அளந்து, அதிலிருந்து ஆழத்தைக் கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு மூன்று கிணறுகள். அ: வாய் 212.40 மீ., ஆழம் 9.10, நீர்மட்டம் 203.30. ஆ: வாய் 210.85, ஆழம் 8.35, நீர்மட்டம் 202.50. இ: வாய் 211.60, ஆழம் 9.90, நீர்மட்டம் 201.70. ஆழத்தை மட்டும் பார்த்தால் ஆ-வில்தான் தண்ணீர் மேலே இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் மேலே இருப்பது அ.

இப்போது வரைபடத்தில் அ-வையும் இ-யையும் கோட்டால் இணையுங்கள். 203.30-க்கும் 201.70-க்கும் சரிபாதி 202.50, அதாவது ஆ-வின் மட்டம். ஆகவே அ-இ கோட்டின் நடுப்புள்ளியையும் ஆ-வையும் இணைக்கும் கோடு முழுக்க ஒரே நீர்மட்டம். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, இ இருக்கும் பக்கம் நோக்கித் தண்ணீர் நகர்கிறது. குப்பைமேட்டுக்கு வந்துசேரும் முன் தண்ணீர் கடக்கும் கிணறு மேல்புறக் கிணறு. கடந்தபின் தொடுவது கீழ்புறக் கிணறு.

வேகத்தையும் கணிக்கலாம். இ-க்கும் அந்தச் சமமட்டக் கோட்டுக்கும் 160 மீட்டர் இடைவெளி என்றால் சரிவு 0.8-ஐ 160-ஆல் வகுத்தது, 0.005. நிலத்தின் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 1 மீட்டர், நீர் ஓடக்கூடிய துளைகளின் பங்கு நூற்றுக்கு 5 என்று வைத்தால் வேகம் நாளுக்கு 10 செ.மீ., ஆண்டுக்கு 36 மீட்டர். மேட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றை மாசு எட்ட ஐந்தாறு வருடம் ஆகும் என்பது இதன் பொருள். "பக்கத்திலேயே மூணு வருஷமா குப்பை இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

ஆனால் நம் பக்கத்து நிலம் இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது. வட ஆற்காட்டின் பெரும்பகுதி கடும்பாறை: சார்னோகைட், நைஸ். மேலே சிதைந்த பாறை, அதன் கீழே வெடிப்புகள் ஓடும் கெட்டிப் பாறை. திறந்தவெளிக் கிணறுகள் சிதைந்த பாறையில் நிற்கின்றன. போர்வெல் பல நூறு அடி இறங்கி வெடிப்பில் தண்ணீர் எடுக்கிறது. வெடிப்பின் வழியில் மாசு மேலே சொன்ன வேகத்தைப்போல் பல மடங்கு வேகமாகப் போகும். மேட்டிலிருந்து 30 மீட்டரில் உள்ள கிணறு சுத்தமாக இருக்க, வெடிப்பின் நேர்கோட்டில் 300 மீட்டர் தள்ளிய போர்வெல் கெட்டுப்போகலாம். பக்கத்து நிலத்தில் இரவும் பகலும் ஓடும் மோட்டார் நீர்மட்டத்தைக் குழிபோல இறக்கி, ஓட்டத்தின் திசையையே தன் பக்கம் திருப்பிவிடும். அதனால் மட்டத்தை ஒருமுறை அளந்து கோப்பில் வைத்தால் போதாது. கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையாவது அளக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: மழை குப்பைக்குள் இறங்கிக் கசிவுநீராகிறது, அது நிலத்தடி நீரோடு சேர்ந்து உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து தாழ்ந்த நீர்மட்டம் நோக்கி மெதுவாக நகர்கிறது, கடும்பாறையில் வெடிப்பு எங்கே போகிறதோ அங்கே போகிறது.

கண்காணிப்புக் கிணறு

அந்த 2016 விதிகளின்படி, கிடங்கு தொடங்கும் முன்பே சுற்றுவட்டார நிலத்தடி நீரின் தரத்தை அளந்து பதிவில் வைக்க வேண்டியிருந்தது. பிறகு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவந்தோறும் சோதிக்க வேண்டியிருந்தது. குறைந்தது ஒரு மேல்புறக் கிணறு, மூன்று கீழ்புறக் கிணறு என்பது பொதுவான நடைமுறை. கடும்பாறையில் இது போதாது. சிதைந்த பாறைக்குத் தனி, வெடிப்புக்குத் தனி என்று ஆழம் பிரித்து இரட்டைக் கிணறு போடுவது நல்லது.

விவசாயப் போர்வெல்லில் பிடித்த தண்ணீரை வைத்தே அறிக்கை எழுதுவது பரவலாக நடக்கிறது. அந்த போரில் மேலே கொஞ்சம் தூரம்தான் கேசிங் குழாய் இருக்கும். அதற்குக் கீழே பல வெடிப்புகளின் நீர் ஒன்றாகக் கலக்கும். ஒரு வெடிப்பில் மட்டும் வரும் மாசு, மற்ற நான்கின் நல்ல நீரில் கரைந்து காணாமல் போகும். மோசமான இன்னொரு விளைவும் உண்டு. மேலடுக்கில் மட்டும் இருந்த கெட்ட நீர் அந்தத் துளை வழியாகவே ஆழத்துக்கு இறங்கிவிடும்.

கண்காணிப்புக் கிணற்றில் வேண்டிய ஆழத்தில் மட்டும் மெல்லிய வெட்டுகள் கொண்ட பி.வி.சி. குழாய் இருக்கும், மற்ற நீளம் முழுக்க வெட்டில்லாத குழாய். வெட்டுக் குழாயைச் சுற்றிக் கழுவிய பருமணல். அதன்மேல் இரண்டடிக்குக் குறையாமல் பெண்டோனைட் களிமண். இது நீர்பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் தரைவரை சிமெண்ட் கரைசல். மேலே பூட்டுள்ள மூடி, சுற்றிலும் வெளிப்பக்கம் சரியும் மேடை. களிமண் அடைப்பைச் சரியாகப் போடாவிட்டால் மழைநீர் குழாயோரமாக வழிந்து நேரே கிணற்றுக்குள் போகும். அப்போது நீங்கள் சோதிப்பது தரையில் கிடந்த அழுக்கைத்தான்.

தண்ணீர் எடுக்கும் வேலை

ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், பாட்டிலில் தவறான தண்ணீர் போனால் பயனில்லை. தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

குழாய்க்குள் தேங்கி நிற்கும் நீர் நிலத்தடி நீரின் பிரதிநிதி அல்ல. காற்றுப்பட்டு அதன் தன்மை மாறியிருக்கும். அதை முதலில் வெளியேற்ற வேண்டும். குழாயில் நிற்கும் நீரைப்போல் மூன்று மடங்கு என்பது வழக்கமான அளவு. 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர் நிற்கும். 10 மீட்டர் நீர் நின்றால் 80 லிட்டர், மூன்று மடங்கு 240 லிட்டர். வெளியேற்றும்போதே பி.எச். (அமில-கார அளவு), மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வர வேண்டும். அடுத்தடுத்து மூன்று முறை பி.எச். 0.1-க்குள்ளும் கடத்துதிறன் நூற்றுக்கு 3-க்குள்ளும் நின்றால் புதிய நீர் வந்துவிட்டது என்று அறியலாம். நம் பாறைக் கிணறுகள் சில, மூன்று மடங்கு கொடுக்கும் முன்பே வற்றிவிடும். அப்போது ஊறவிட்டு, 24 மணி நேரத்துக்குள் ஊறிய நீரை எடுக்க வேண்டும். வெளியேற்றிய நீரைக் கிணற்றடியிலேயே ஊற்றினால் அது திரும்பவும் உள்ளேதான் இறங்கும்.

ஒரே நாளில் பல கிணறுகள் என்றால் மேல்புறத்துச் சுத்தமான கிணற்றில் தொடங்கிக் கெட்ட கிணற்றில் முடிக்க வேண்டும். வரிசை மாறினால் கயிறும் பம்பும் அழுக்கைச் சுமந்துபோய் நல்ல கிணற்றைக் குற்றவாளியாக்கும்.

பாட்டில் ஒன்று போதாது. சோதனைக்கு ஏற்றபடி பிரிக்க வேண்டும். உலோகங்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே வைப்பார்கள். இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் அமிலம் விடும் முன்பே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். கலங்கல் நீரில் வடிக்காமல் அமிலம் ஊற்றினால், மண்துகளில் இருக்கும் இரும்பும் ஈயமும் அமிலத்தில் கரைந்து, தண்ணீரில் இல்லாத மாசு அறிக்கையில் ஏறும். அம்மோனியாவுக்கும் சி.ஓ.டி.க்கும் கந்தக அமிலம், 4 டிகிரிக் குளிர். சி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கரிமப்பொருளை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன். பி.ஓ.டி. அதையே நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்; அதற்கு அமிலம் கூடாது, ஐஸில் வைத்து விரைவாகச் சேர்க்க வேண்டும். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில். பி.எச்., கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை மூன்றையும் கிணற்றடியிலேயே அளக்காவிட்டால் பிறகு அளந்து பயனில்லை.

போர் தண்ணீர் பிடித்தபோது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்தில் செம்மஞ்சளாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப்பட்டதும் துருவாகப் படிகிறது. அமிலம் விடாத பாட்டிலில் இது நடந்தால் ஆய்வகம் இரும்பையும், துருவோடு சேர்ந்து படியும் ஆர்செனிக் போன்றவற்றையும் குறைவாகவே காணும்.

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரியாகப் போக வேண்டும், வேறு பெயரிட்டு. கூடவே களத்தில் நிரப்பிய வாலை வடிநீர்ப் பாட்டில் ஒன்று. வடிநீரில் ஈயம் வந்தால் பாட்டிலோ அமிலமோ அழுக்கு.

ஏரி, ஓடை, பாலாறு

மேற்பரப்பு நீர் வேகமாக மாறுவது. நேற்றைய தண்ணீர் இன்றிருக்காது. எனவே நேரம் முக்கியம். கோடையில் வறண்ட மேட்டடி ஓடையில் ஒன்றும் கிடைக்காது. முதல் பெருமழையில்தான் மேட்டோரம் தேங்கிய கறுப்பு நீர் அடித்துக்கொண்டு வரத்துக் கால்வாயில் இறங்கும். மாதத்தின் முதல் திங்கள்கிழமை என்று அட்டவணை போட்டு எடுப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். மழை தொடங்கிய சில மணி நேரத்துக்குள் ஒருமுறை எடுப்பது, அமைதியான நாட்களில் பலமுறை எடுப்பதைவிட மேல்.

மேட்டுக்கு மேலே வரத்துக் கால்வாயில் ஒன்று, மேட்டடி வாய்க்காலில் ஒன்று, அது ஏரியில் சேரும் இடத்தில் ஒன்று, ஏரியின் நடுவில் ஒன்று, உபரிநீர் வெளியேறும் கலங்கலில் ஒன்று என்று எடுத்தால் மாசு எங்கே நுழைகிறது என்பது தெரியும். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதக்கும் பாசியை விலக்கி, ஓரடி ஆழத்தில் பாட்டிலை நிரப்ப வேண்டும். கரையோரம் காலால் கலக்கிய சேற்றோடு எடுத்தால் அது ஏரி நீர் அல்ல. பாசி பிடித்த ஏரியில் மதியம் கரைந்த ஆக்சிஜன் ஏராளமாக இருக்கும். விடியற்காலையில் மீன் திணறும் அளவுக்கு இறங்கும். மதியம் மட்டும் அளந்தால் ஏரி ஆரோக்கியமாகத் தோன்றும்.

பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல்தான். மணலில் ஊற்றுத் தோண்டி எடுக்கும் நீர் ஆற்றுநீர் அல்ல, மணலுக்கடியில் நகரும் நிலத்தடி நீர். அறிக்கையில் அதை மேற்பரப்பு நீர் என்று எழுதினால் வருடாந்திர ஒப்பீடே குழம்பும். ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்துதான் பல ஊர்களுக்குக் குடிநீர் போகிறது என்பதால் இந்தப் பிரிவினை முக்கியம்.

எண்களைப் படிப்பது

முதலில் பார்க்க வேண்டியது குளோரைடு. அது மண்ணில் ஒட்டாது, சிதையாது, தண்ணீரோடு தண்ணீராக ஓடும். அதனால் கசிவின் முன்னோடியாக அது வரும், உலோகங்கள் களிமண்ணில் ஒட்டிப் பின்தங்கும். "ஈயம் இல்லை, ஆகவே கசிவு இல்லை" என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு.

ஆனால் நம் ஊரில் குளோரைடை மட்டும் வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தோலைப் பதப்படுத்தும் உப்பும் சோடியம் குளோரைடுதான். எனவே கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கீழ்புறக் கிணற்றில் குளோரைடு, அம்மோனியா, பொட்டாசியம், சி.ஓ.டி., இரும்பு, மாங்கனீசு எல்லாம் சேர்ந்து மேல்புறத்தைவிட ஏறி, நைட்ரேட் இறங்கியிருந்தால் குப்பைக் கசிவின் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த நீரில் நைட்ரேட் நிற்காது. இரும்பும் மாங்கனீசும் கரையும். நைட்ரேட் மட்டும் 45 மி.கி. வரம்பைத் தாண்டி, அம்மோனியா இல்லாமல் இருந்தால் செப்டிக் டேங்கையும் உரத்தையும் முதலில் பாருங்கள். ஃபுளோரைடு மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் பாறையிலிருந்து வந்தது.

குரோமியம் இந்த வட்டாரத்துக்கே உரிய கவலை. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். மண்ணில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அது நச்சு மிகுந்தது, நீரோடு ஓடும். ஐ.எஸ். 10500 வரம்பு மொத்தக் குரோமியத்துக்கு 0.05 மி.கி. எந்த வகை என்று அறிய வேண்டுமானால் தனிப் பாட்டில் வேண்டும். நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு மாறிவிடலாம்.

அறிக்கையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மின்கடத்துதிறனை 0.65-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ டி.டி.எஸ். வர வேண்டும். கடத்துதிறன் 1,800 (மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.) என்றால் டி.டி.எஸ். 1,170 அருகில். அறிக்கை 500 என்று சொன்னால் எங்கோ பிழை, ஆய்வகத்தைக் கேளுங்கள்.

மே மாத எண்ணை மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மழைக்குப் பின் நீர் கூடி உப்பு குறையலாம். அல்லது மேல்மண்ணில் சேர்ந்த உப்பை மழை கீழே அடித்துவந்து திடீரென ஏற்றலாம். மேற்கண்ட கூட்டம் ஏறியதாகத் தெரிந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் மறுபடி எடுத்துச் சரிபார்த்து, உறுதியானால் முழு உலோகச் சோதனைக்குப் போக வேண்டும். அதுவரை அந்தக் கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்தக்கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் உலோகமும் போகாது; நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு அதிகரிக்கும்.

கிணறு உங்களுடையது என்றால்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்குங்கள்; கழுவிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். கிணற்றின் ஆழம், கேசிங் எதுவரை, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியபின் பிடித்தது, அன்றைய நீர்மட்டம், தேதி ஐந்தையும் நோட்டில் எழுதிவையுங்கள். இந்தக் குறிப்பில்லாத அறிக்கையை அடுத்த ஆண்டு எதனோடும் ஒப்பிட முடியாது.

உள்ளாட்சி, மாசு கட்டுப்பாட்டு வாரியம் இரண்டிடமும் கேட்க வேண்டியவை: கண்காணிப்புக் கிணறுகளின் இடப்படம், கடந்த ஆண்டுகளின் பருவவாரி முடிவுகள், கிடங்கு தொடங்கும் முன் எடுத்த தொடக்க அளவு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தொடக்க அளவு இல்லையென்றால் மேல்புறக் கிணறே அதன் இடத்தில் நிற்கும். வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்பவருடையது என்றது. ஆகவே ஊர்க்காரர் கையில் முழு ஆதாரம் இருந்தால்தான் கேட்க முடியும் என்று தயங்க வேண்டாம்.

பழைய மேட்டை பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிக்கும் காலத்தில் சோதனையை நெருக்கமாக்கச் சொல்லிக் கேளுங்கள். பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்த குப்பையைக் கிளறும்போது மழை இறங்கப் புதுவழி கிடைக்கிறது. கசிவு கொஞ்ச காலம் கூடும். மூடிய கிடங்குக்கும் குறைந்தது 15 ஆண்டுகள் நிலத்தடி நீரைக் கண்காணிக்க 2016 விதிகள் சொல்லின. நிலத்தைச் சமன்செய்து பூங்காவோ சாலையோ போடும்போது பொக்லைன் முதலில் நொறுக்குவது கண்காணிப்புக் கிணற்றின் மூடியைத்தான். அதனால் வேலை தொடங்கும் முன்பே கிணறுகளின் இடத்தைக் குறித்து, குழாயைப் புதிய தரைமட்டத்துக்கு மேல் இரண்டடி நீட்டி, வாயின் உயரத்தை மறுபடி அளந்து பதிவில் திருத்தச் சொல்ல வேண்டும்.